கல்யாணம் முடியட்டும், ஊசி போட்டுக்கலாம்

நவம்பர் 17

மூன்றாம் ஷெட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து எரு முழுக்கச் சேறு. முனியப்பனைத் திட்டினேன். அவன் எலியைத் திட்டினான். எலி யாரைத் திட்டியதோ தெரியவில்லை. புதுக் குஞ்சுகளுக்கு டிசம்பர் கடைசியில்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மகன் கோகுலுக்குக் காய்ச்சல். தீவன மில்லுக்குப் போக வேண்டியவன் படுக்கையை விட்டு எழவில்லை. நிச்சயம் ஆனதிலிருந்து பையன் எந்நேரமும் மிருதுளாவோடு ஃபோனில்தான் குடித்தனம். "இது காய்ச்சல் இல்லடா, வேற" என்று கிண்டல் செய்தேன். சிரிக்கவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, ஜன்னலைச் சாத்துங்கப்பா என்றான்.

இது பண்ணை டைரி. செத்த கோழி, தின்ற தீவனம், போட்ட தடுப்பூசி மட்டும்தான் இதில் எழுதுவேன். வீட்டு விஷயத்துக்கு இதில் இடமில்லை. இன்று ஏதோ எழுதிவிட்டேன்.

நவம்பர் 18

விடிந்ததும் சாந்தாமணி கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதுமே செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

பையனின் போர்வையை விலக்கிக் காட்டினாள். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் கருஞ்சிவப்பில் பொட்டுப் பொட்டாக இருந்தது. அமுக்கிப் பார்த்தேன், மறையவில்லை.

"அதே புள்ளிதானுங்க" என்றாள்.

ஏழு வருடத்துக்கு முன், பிளஸ் டூ படிக்கும்போது, இவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து சேலத்தில் கிடந்தான். அதைத்தான் சொல்கிறாள்.

"ஒருக்கா வந்தது மறுக்கா வராது சாந்தா. அந்த நோவு வந்து தேறுன ஒடம்பு அது. இது டெங்கு" என்றேன்.

"டெங்கோ பங்கோ, மொதல்ல வண்டிய எடுங்க."

தூக்கி உட்கார வைத்தோம். கழுத்தை மடக்க முடியவில்லை. ராசிபுரம் தாண்டும்போது தாயின் மடியிலேயே வாந்தி எடுத்தான். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நவம்பர் 19

தீவிர சிகிச்சைப் பிரிவு. முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ஷகிலா என்று ஒரு அம்மா. என் மகளாக இருக்கும் வயதுதான், ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நமக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடும். அதே கிருமியாம். மெனிங்கோகாக்கஸ் என்று பெயர்.

"போன தடவை தேறினப்புறம் இதுக்குத் தடுப்பூசி போடச் சொல்லலையா?" என்று கேட்டார்.

சொன்னார்கள். வேண்டாம் என்றவன் நான்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? முப்பதாயிரம் கோழிக்கு ஊசி போடுகிறவன் நான். எனக்கு ஊசிமேல் பகையா? வெள்ளைக்கழிச்சல் வந்து பிழைத்த கோழிக்கு மறுபடி அது வந்து நான் பார்த்ததில்லை. நோயே வந்து கற்றுக்கொடுத்த பிறகு ஊசி வந்து என்ன கற்றுக்கொடுக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அந்த அம்மாவிடம் அதையே சொன்னேன்.

"கோழிக்குச் சரியா இருக்கலாம் சார். இந்தக் கிருமியில பல வகை இருக்கு. ஒரு வகை வந்து போனா இன்னொரு வகை வராதுன்னு சொல்ல முடியாது. ஆனா ரெண்டு வகையும் தேடிப்பிடிச்சு ஒரே ஆளுக்கு வர்றதுன்னா, அதுக்கு வேற காரணம் இருக்கும்."

என்ன காரணம் என்று கேட்டேன். முதலில் பையன் பிழைக்கட்டும் என்று எழுந்து போய்விட்டார். கூட இருந்த எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்கள், மூக்கில் தொண்டையில் கிருமி ஒட்டியிருந்தால் சாவதற்கு. தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன்.

நவம்பர் 21

காய்ச்சல் இறங்கிவிட்டது. அம்மாவிடம் இட்லி கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

என் தங்கை ஈஸ்வரி ஃபோன் செய்தாள். மிருதுளாவின் அம்மா அவள். டெங்கு என்று சொல்லிவைத்தேன். கல்யாண வேலை நடக்கும் வீட்டில் மூளை என்ற வார்த்தையை எதற்குச் சொல்ல வேண்டும்? கோகுலையும் கேட்கிறவர்களிடம் டெங்கு என்றே சொல்லச் சொல்லியிருக்கிறேன். சரி என்றான்.

நவம்பர் 27

வீட்டுக்கு வந்துவிட்டோம். கிளம்பும் முன் அவன் ரத்தத்தை எடுத்து எங்கோ தூரத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. நாங்களும் கோழி ரத்தத்தை அனுப்பி எதிர்ப்பு சக்தி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். அதுமாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஷெட் சேறு காயவில்லை. ஈ மொய்க்கிறது.

டிசம்பர் 9

சேலம். ரிசல்ட் வந்துவிட்டது.

கோகுலைப் பக்கத்து அறைக்கு ஊசி போட அனுப்பிவிட்டு, என்னையும் சாந்தாமணியையும் உட்கார வைத்தார் டாக்டர் ஷகிலா. நம் ரத்தத்தில் சில புரதங்கள் இருக்கின்றனவாம். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து கிருமியின் மேல்தோலில் ஓட்டை போட்டுக் கொல்லுமாம். கோகுலுக்கு அந்த வரிசையில் ஒன்று பிறவியிலேயே இல்லை.

"மத்த கிருமிகளை ஒடம்பு வேற வழியில சமாளிச்சிடும். இந்த ஒண்ணுக்குத்தான் அந்த ஓட்டை ரொம்ப முக்கியம். அதனாலதான் திரும்பத் திரும்ப இதே வருது" என்றார்.

விடுவேனா நான். "கொல்ற ஆயுதமே இல்லைங்கறீங்க. அப்பறம் ஊசி போட்டு என்னத்துக்குங்க?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. ஓட்டை போட்டுக் கொல்றது ஒரு வழி. வெள்ளணுக்கள் அப்படியே பிடிச்சு முழுங்கறது இன்னொரு வழி. ஊசி போட்டா எதிர்ப்பொருள் நிறைய ஊறும். அது கிருமி மேல ஒட்டிக்கிட்டா முழுங்கறது சுலபம். இன்னைக்கு ஒண்ணு, ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணு, அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை. அப்பவும் எல்லா வகைக்கும் இது காபந்து இல்லை. காய்ச்சல்னா உடனே ஓடி வரணும்."

ஏழு வருடம் முன்பே இதைப் போட்டிருக்கலாம். அந்த அம்மா அதைச் சொல்லவில்லை. சாந்தாமணியும் சொல்லவில்லை.

பிறகு எங்கள் உறவைக் கேட்டார். சாந்தாமணி என் தாய்மாமன் மகள் என்றேன். கூடப் பிறந்தவர்கள்? சாந்தாமணியின் அண்ணன் வேலுச்சாமிக்கு என் தங்கை ஈஸ்வரியைக் கொடுத்திருக்கிறது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம், ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் என்று பெருமையாகவே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒரே பொண்ணுங்க. கோயமுத்தூர்ல அக்ரி படிக்குது."

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் குறை பாதி பாதி இருக்கு. அது உங்களை ஒண்ணும் செய்யாது. ரெண்டு பாதியும் சேர்ந்ததுனாலதான் பையனுக்கு முழுசா வந்திருக்கு. உங்க தங்கச்சிக்கும் இவங்க அண்ணனுக்கும் அதே பாதி இருக்க வாய்ப்பிருக்கு. அந்தப் பொண்ணையும் பார்க்கணும். அவ ஹாஸ்டல்ல வேற இருக்கா, கூட்டமா இருக்கற எடத்துல இது சுலபமா பரவும்."

சாந்தாமணிதான் வாயைத் திறந்தாள். "அந்தப் புள்ளையத்தானுங்க இவனுக்குக் கட்டறோம். தை இருவத்தி மூணுல."

இரண்டு பேருக்கும் இருந்தால் பிறக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இருக்குமா என்று நான் கேட்டேன். இருக்கும் என்றார். ஊசியோடும் கவனத்தோடும் நன்றாக வாழலாம் என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னது என் காதில் சரியாக ஏறவில்லை.

"கல்யாணம் உங்க குடும்ப விஷயம் சார். ஊசி என் விஷயம். டெஸ்ட் ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அந்தப் பொண்ணுக்குச் சொல்லி ஊசியைப் போட்டுடுங்க."

சரிங்க என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். வழியில் கோகுல் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். உன் உடம்பைப் பற்றித்தான் என்றேன்.

டிசம்பர் 10

ஈஸ்வரியும் வேலுச்சாமியும் முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். மாம்பழக் கலர், அரக்குக் கரை. "எப்பிடீங்ணா இருக்குது?" என்றாள் ஈஸ்வரி. அவள் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 17

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். ஜெனரேட்டர் சத்தத்தில் பேச முடியாது என்று எடுக்கவில்லை.

டிசம்பர் 18

மறுபடியும் ஃபோன். ஜெனரேட்டர் ஓடவில்லை. எடுக்கவில்லை.

டிசம்பர் 24

குஞ்சுகள் வந்து இறங்கின. புரூடர் கொட்டகையில் பல்பு போட்டுக் கதகதப்பு வைத்து, வெல்லத் தண்ணீர் காட்டி, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துவிட்டோம். நல்ல சுறுசுறுப்பு. அந்தச் சத்தத்தில் மனசு கொஞ்சம் லேசானது.

மத்தியானம் சாந்தாமணி பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

நான் யோசிக்காமலா இருக்கிறேன். வேலுச்சாமிக்கு மூக்குக்கு மேல் கோபம். பெண்ணின் ரத்தத்தில் குறை இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நிற்கும். நின்றால் ஊர் சும்மா இருக்குமா? பையன் வீட்டார் ஏதோ தெரிந்துகொண்டுதான் நிறுத்தினார்கள் என்று பேசும். அந்தப் பிள்ளைக்கு வேறு இடமும் அமையாது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் ஒரு பக்கம் முறிந்தால் மறுபக்கம் நிற்குமா? இத்தனையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"கல்யாணம் முடியட்டும். தை முடிஞ்சு மாசி பொறந்ததும் நம்மூட்டு மருமகளா கூட்டிட்டுப்போயி நானே ஊசி போட்டுட்டு வாரேன். ஒருத்தருக்கும் தெரியாது. குஞ்சு பண்ணைக்கு வந்தப்பறம்தான நாம ஊசி போடறோம்?"

"குஞ்சு வந்தப்பறம் போடற ஊசி வேற. பொறந்த அன்னிக்கே பொரிக்கற எடத்துலயே ஒரு ஊசி போட்டுத்தான அனுப்பறானுங்க" என்றாள் சாந்தாமணி.

அதை விட்டுவிட்டு அவளிடம் சொன்னேன்: "உன்ற அண்ணன் பொண்ணு. போயிச் சொல்லு. அப்பறம் உங்கண்ணன் என்ற தங்கச்சியக் கொண்டாந்து இங்க உட்டுட்டுப் போனா நீதான் பதில் சொல்லோணும்." அவள் பிறகு பேசவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஜனவரி 3

பத்திரிகை அச்சாகி வந்தது. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்தோம். கும்பிடும்போது இன்னும் ஒரு மாதம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். எல்லோரும் பண்ணைக்கு வந்திருந்தார்கள். மிருதுளா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புரூடருக்குள் வந்துவிட்டாள். குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற வேலை. நான் பிடித்துக் கொடுக்க அவள் விட்டாள். கை நடுக்கமே இல்லை. ஒரு குஞ்சு அவள் கையில் கழிந்துவிட்டது. "மாமா, உங்க மருமகளுக்குச் சீர் வந்துருச்சு" என்று சிரித்தாள். அவள் குழந்தையாக இருந்தபோது என் தோளிலும் இதே வேலையைச் செய்திருக்கிறாள்.

திடீரென்று கேட்டாள். "ஏன் மாமா, மச்சானுக்கு வந்தது டெங்குன்னீங்க. டெங்குக்கு எதுக்கு ஊசி? அடுத்த மாசம் இன்னொண்ணு இருக்குதுங்கறாரு."

"அது சத்து ஊசி கண்ணு."

"சத்து ஊசிக்குச் சேலம் போவோணுமா?"

நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். பக்கத்தில் ஆளில்லை. குஞ்சுகளின் சத்தம் வேறு. எத்தனை மெதுவாக வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அடுத்த குஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "சீக்கிரம் உடு, மருந்து சூடாயிரும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சொட்டை விட்டாள்.

ஜனவரி 21

சாயங்காலம் ஈஸ்வரி ஃபோன். ஹாஸ்டலில் மிருதுளாவுக்குக் காய்ச்சலாம். மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறாளாம். "பொங்கலுக்கு வெயில்ல ஆடுனாள்ல" என்றாள்.

வெறும் காய்ச்சலாகத்தான் இருக்கும். இப்போது எல்லா ஊரிலும் காய்ச்சல்.

ஜனவரி 22

எழுத வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

காலை பதினோரு மணி இருக்கும். ஈஸ்வரி பதறிக்கொண்டு ஃபோன் செய்தாள். பிள்ளைக்குத் தலைவலி தாங்கவில்லை, வாந்தி எடுக்கிறாள், காலேஜில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அவர்கள் வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கிறது, உங்கள் வண்டியில் போகலாம் அண்ணா என்றாள். நான் ஏற்கெனவே சாவியைக் கையில் எடுத்திருந்தேன்.

சாந்தாமணி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வண்டியிலயே சொல்லீருங்க." தலையாட்டினேன்.

திருச்செங்கோட்டில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டேன். வேலுச்சாமி முன்னால், ஈஸ்வரி பின்னால். சங்ககிரி வரை சொல்வதற்கு வாக்கியம் தேடினேன். பவானி வந்தது. ஈஸ்வரி பின்னாலிருந்து தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். "வைரல் காய்ச்சல்தான். ரெண்டு பாட்டல் குளுக்கோஸ் ஏத்துனா எந்திரிச்சுக்குவா. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குதல்ல? ஏனுங்ணா?"

"ஆமா" என்றேன்.

"ஏன் மச்சான் இப்பிடி ஓட்டறீங்க? நம்மளே போய்ச் சேர மாட்டோமாட்ட இருக்குது" என்றான் வேலுச்சாமி.

பெருந்துறை தாண்டியதும் வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்குப் பின்னால் போனேன். மிருதுளாவின் எண்ணுக்கு அடித்தேன். கூடத் தங்கியிருக்கும் பெண் எடுத்தாள். அழுகிற குரல். "அங்கிள், அவ எங்களை அடையாளம் தெரியாம பேசறா." டாக்டரிடம் கொடு என்றேன். எந்த டாக்டர் என்றாள். "எந்த டாக்டரா இருந்தாலும் செரி, இப்பவே குடு கண்ணு" என்று கத்தினேன்.

யாரோ ஒரு ஆண்குரல். இந்தப் பெண்ணின் மாமன் மகனுக்கு இரண்டு முறை மெனிங்கோகாக்கஸ் வந்தது, ரத்தத்தில் ஒரு புரதம் கிடையாது, இவளுக்கும் அதே இருக்கலாம், காத்திருக்காமல் மருந்தை ஏற்றுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். வாக்கியமெல்லாம் தானாக வந்தது. சங்ககிரி வரை தேடியது அத்தனையும் அதில் இருந்தது.

"இது எப்ப சார் தெரியும்?" என்று கேட்டது அந்தக் குரல்.

"இப்பதானுங்க" என்றேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தேன். ஈஸ்வரி எனக்காக ஒரு சோடா வாங்கி வைத்திருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உள்ளே இருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். கைகால் முழுக்கப் புள்ளி. கோகுலுக்கு வந்ததைவிட அதிகம். ஈஸ்வரி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் வெளியே வந்து, ஃபோனில் சொன்னது யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "நல்லவேளை சொன்னீங்க. ஃப்ளூன்னு நெனச்சு வார்டுல போட இருந்தோம். அந்த நிமிஷமே மருந்து ஆரம்பிச்சிட்டோம்" என்றார்.

வேலுச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். "கோகுலுக்கு டெங்குன்னுதான மச்சான் சொன்னீங்க?"

"டெங்குன்னுதான் நாங்களும் நெனச்சோம் மாப்ள. சேலம் டாக்டரம்மா இன்னிக்குக் காத்தாலதான் ரிசல்ட்டப் பாத்துட்டுக் கூப்புட்டாங்க. உங்ககிட்டச் சொன்னா பயந்துக்குவீங்கன்னுதான் கடைக்குப் பின்னால போயிப் பேசுனேன்."

இவ்வளவு பெரிய பொய் எப்படி ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஈஸ்வரி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்ற புள்ளையக் காப்பாத்தீட்டீங்ணா" என்றாள்.

ஜனவரி 24

கண் திறக்கவில்லை. சிறுநீர் குறைந்திருக்கிறதாம். இரண்டு கால்விரல் கறுத்திருக்கிறது, பார்க்கலாம் என்கிறார்கள்.

கோகுல் வந்துவிட்டான். வராந்தாவில் நிற்கிறான், யாரோடும் பேசுவதில்லை. என்னிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். "டாக்டர் ஷகிலா உங்களுக்கு எத்தனை தடவைப்பா கூப்புட்டாங்க?" நான் பாத்ரூம் போக வேண்டும் என்று நகர்ந்துவிட்டேன்.

ஜனவரி 26

கோயமுத்தூரில் இருக்கிற சொந்தமெல்லாம் வந்து போகிறது. ஈஸ்வரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், எங்கண்ணன் மட்டும் ஃபோன் போடவில்லை என்றால் என்று. அவர்கள் என்னைக் கும்பிடுகிறார்கள். நானும் கும்பிடுகிறேன்.

முனியப்பன் ஃபோன் செய்தான். குஞ்சுகள் எல்லாம் நலமாம்.

ஜனவரி 29

கண்ணைத் திறந்துவிட்டாள்! தண்ணீர் வேண்டும் என்று சைகை செய்திருக்கிறாள். கால்விரலும் தப்பித்துவிடும் என்கிறார்கள். ஈஸ்வரி பழனிக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். நான் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

ரத்தப் பரிசோதனையில் அவளுக்கும் அந்தப் புரதம் சுத்தமாக இல்லை.

பிப்ரவரி 1

கேட்கவில்லை.

முதலில் மயக்கம் தெளியாததால் என்று நினைத்தோம். ஈஸ்வரி காதோரம் குனிந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை. தட்டில் கரண்டி விழுந்து கணகணவென்று உருண்டது. பக்கத்துக் கட்டில்காரர் திட்டினார். மிருதுளா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது டாக்டர் வந்து கருவி வைத்துப் பார்த்தார். இரண்டு காதும் போய்விட்டது. இந்த நோய் பிழைக்கவிட்டாலும் சிலருக்கு இப்படி எடுத்துக்கொண்டு போகுமாம். உள்காதில் எலும்பு வளர்ந்து மூடிக்கொள்வதற்குள் ஆபரேஷன் செய்து கருவி பொருத்தலாம், பழக மாதக்கணக்காகும், ஆனால் பழைய மாதிரி இருக்காது என்றார். முன்கூட்டியே ஊசி போட்டிருந்தால் என்று வேலுச்சாமி கேட்டான். இந்த வகைக்கு ஊசி இருக்கிறது, போட்டிருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது என்றார் டாக்டர். "நமக்கு எங்கீங்க தெரியும்" என்றான் வேலுச்சாமி. தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சாந்தாமணிக்கு ஃபோனில் சொன்னேன். "நானும்தானுங்க வாய மூடீட்டு இருந்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 3

மண்டபத்துக்குச் சொல்லி நிறுத்தியாகிவிட்டது. சமையல்காரருக்கும் சொல்லியாயிற்று. எல்லோரும் பாவம் பாவம் என்கிறார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. கல்யாணம் நின்ற பிறகும் இத்தனை அமைதியாக ஒரு வீடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிப்ரவரி 5

தை இருபத்தி மூன்று.

காலையில் வார்டுக்குப் போனேன். ஆறு கட்டில் போட்ட அறை. மிருதுளா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈஸ்வரி காபி வாங்கப் போயிருந்தாள். வேலுச்சாமி மருந்துக்கடையில். கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. தன் ஃபோனை எடுத்துத் தட்டி என் முன்னால் நீட்டினாள். அதில் இருந்தது: "மச்சான் எல்லாம் சொல்லிட்டாரு. மிச்சத்தை உங்ககிட்டயே கேக்கச் சொன்னாரு. எனக்கு இருக்கும்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

எழுதுங்க மாமா என்று விரலால் காட்டினாள்.

அந்தச் சின்ன எழுத்துகள் என் கட்டை விரலுக்கு அடங்குவதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், வாயால் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. சத்தமில்லை. அவளும் நானும் மட்டும்தான். மெதுவாகத் தட்டினேன். டிசம்பர் ஒன்பதே தெரியும். உனக்கு உடனே ஊசி போடச் சொல்லி டாக்டர் சொன்னார். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று சொல்லவில்லை. கல்யாணம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு வண்டியிலும் சொல்லவில்லை. இத்தனையும் தட்டி அவளிடம் கொடுத்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது, அதுவும் உண்மை.

அவள் படித்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

தன் குரல் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு கட்டிலுக்கும் வெளி வராந்தாவுக்கும் கேட்கிற குரலில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல், ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். டிசம்பர் ஒன்பதே தெரியும். பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். உனக்கு உடனே ஊசி போடச் சொல்லி. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டி ஃபோனை வாங்கியிருக்கலாம். அவள் வாயைப் பொத்தியிருக்கலாம். என் கை என் மடியிலேயே கிடந்தது. கல்யாணம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு வண்டியிலும் சொல்லவில்லை.

படித்து முடித்துத் தலையை நிமிர்த்தினாள். அதே குரலில் கேட்டாள்:

"எங்கம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா மாமா?"

திரும்பினேன். வாசலில் ஈஸ்வரி காபி பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள்.

"இல்ல கண்ணு" என்றேன். மிருதுளாவுக்குக் கேட்கவில்லை. ஈஸ்வரிக்குக் கேட்டது.